போரில் வென்ற பிரிட்டன் பேரரசை ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கேள்வி இது: 1945இல் போரை வென்ற நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. ஜப்பானிடம் பறிகொடுத்த பர்மா, மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாமே திரும்பக் கைக்கு வந்துவிட்டன. அப்புறம் எப்படி அடுத்த 25 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அத்தனையும் போயின? காந்தி காரணமா, ஹிட்லர் காரணமா, அமெரிக்கா காரணமா?

மூவருக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பேரரசு யார் காசில் ஓடியது என்று முதலில் பார்த்தால்தான் மற்றதெல்லாம் பிடிபடும். அதன் பெருஞ்செலவுகளை ஆளப்பட்ட மக்களே கட்டிவந்தார்கள். அதிலும் முக்கியமாக இந்தியா. அந்தச் செலவு லண்டன் கஜானாவின் தலையில் விழும்படி ஒருபுறம் போர் செய்தது, மறுபுறம் மக்களின் எதிர்ப்பு செய்தது. விழுந்த சில ஆண்டுகளிலேயே கடையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

1765இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பிகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். அதுவரை இந்தியத் துணி வாங்கக் கம்பெனி லண்டனிலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. அதன்பின் வங்காளத்தில் வசூலித்த வரியைக் கொண்டே வங்காளத்துச் சரக்கை வாங்கிக் கப்பலேற்றலாம் என்றானது. 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசிக்கு மாறியபோதும் கணக்கின் அடிப்படை மாறவில்லை. கம்பெனியின் கடனும், அதன் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவந்த 10.5 சதவீத லாபப் பங்கும் இந்திய வருவாயின் மேல் ஏற்றப்பட்டன. 1874இல் அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கிய பணமும் இந்தியாவுடையதுதான். தன்னை வெற்றிகொண்ட கம்பெனியின் விலையைத் தானே கட்டிய நாடு இந்தியா.

இதற்குமேல் ஆண்டுதோறும் லண்டனில் கட்டவேண்டிய தொகைக்கு ‘ஹோம் சார்ஜஸ்’ என்று பெயர். ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரிகளின் பென்ஷன், ரயில் கம்பெனிகளுக்கு உறுதியளித்த 5 சதவீத வட்டி, இந்தியாவில் நிறுத்திய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் பயிற்சி கொடுத்த செலவு, லண்டன் இந்தியா அலுவலகத்தின் கட்டடம், சம்பளம் எல்லாம் இதில் அடக்கம். 1867இல் துருக்கி சுல்தானுக்கு அந்தக் கட்டடத்தில் கொடுத்த நடன விருந்தின் செலவுகூட இந்தியக் கணக்கில் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் அமைச்சரவையில் அமர்ந்திருந்த இந்தியா மந்திரிக்கே 1919 சட்டம் வரும்வரை இந்திய வரிப்பணத்தில்தான் சம்பளம். 1900ஐ ஒட்டி ஹோம் சார்ஜஸ் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி பவுண்டு.

வரி ரூபாயில் வருகிறது, கட்டவேண்டியது பவுண்டில். இதை மாற்றிய வழியைப் புரிந்துகொண்டால் பாதி வரலாறு புரிந்துவிடும். கவுன்சில் பில் என்று ஒருவகை உண்டியல், அதாவது பணம் மாற்றும் சீட்டு, இருந்தது. இங்கிலாந்தில் ஒரு வியாபாரி இந்தியப் பருத்தி வாங்கியிருக்கிறார், பம்பாய்க்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்தியா மந்திரி இங்கிலாந்து வங்கியில் புதன்கிழமைதோறும் விற்கும் கவுன்சில் பில்லை அவர் பவுண்டு கொடுத்து வாங்கித் தபாலில் அனுப்புவார். அவசரமென்றால் தந்தி வழி. பம்பாய், கல்கத்தா, சென்னை அரசுக் கருவூலங்களில் அதைக் காட்டினால் ரூபாய் கிடைக்கும். அது பருத்தி விற்றவருக்குப் போகும். பருத்தி கப்பலேறிப் போயிற்று. அதன் விலையான பவுண்டு லண்டனைவிட்டு நகரவே இல்லை. ஹோம் சார்ஜஸுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பருத்தி விளைவித்தவர் கையில் வந்த ரூபாய், அவரும் அவர் ஊராரும் கட்டிய நிலவரி. இந்தியா ஏற்றுமதியில் சம்பாதித்ததற்கு ஈடான பொருளோ பொன்னோ முழுதாக உள்ளே வராமல் போனது இப்படித்தான். தாதாபாய் நௌரோஜி செல்வச் சுரண்டல் என்று கணக்குப்போட்டுக் காட்டியது இதைத்தான்.

1870களுக்குப் பிறகு வெள்ளி விலை சரிந்தபோது சுமை இன்னும் கூடியது. 2 ஷில்லிங் அளவில் இருந்த ரூபாய், 1890களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அருகே இறங்கியது. பவுண்டுத் தொகை அப்படியே இருக்க, அதற்காக வசூலிக்க வேண்டிய ரூபாய் ஏறிக்கொண்டே போனது. 1893இல் தனியார் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தி, பிறகு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்று மதிப்பை நிலைநிறுத்தினார்கள்.

இரண்டாவது தூண் ராணுவம். சீனா, அபிசீனியா, எகிப்து, சூடான், கிழக்கு ஆப்பிரிக்கா என்று 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் போரிட்ட இடங்களில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுடைய வழக்கமான சம்பளம் பெரும்பாலும் இந்திய வருவாயிலிருந்தே போனது. பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி 1867இல், காசு கொடுக்காமல் எத்தனை துருப்பு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் படைமுகாமாக இந்தியாவைக் கருதக்கூடாது என்று எச்சரித்தார். கருதத்தான் செய்தார்கள். லண்டன் வரிகட்டுவோருக்குத் தெரியாமலேயே ஆசியாவில் ஒரு பெரும்படை தயாராக நின்றது.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது, இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதியான லங்காஷயரின் துணிக்கு இந்தியா தந்த சந்தை. அது இரண்டாம் உலகப்போருக்கு முன்பே கைநழுவிவிட்டது. 1890களில் இந்திய ஆலைத் துணிக்கு 3.5 சதவீதக் கலால் போட்டு லங்காஷயரைக் காப்பாற்றினார்கள். முதல் உலகப்போருக்கு இந்தியா 10 கோடி பவுண்டு கொடுத்தபோது வருவாய் தேவைப்பட்டது. 1917இல் இறக்குமதித் துணி வரி 7.5 சதவீதமானது, கலால் மட்டும் உயரவில்லை. 1920களின் நடுவில் கலாலே ஒழிந்தது. சுதேசி இயக்கமும் ஜப்பானியத் துணியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

இந்த ஏற்பாட்டை இரண்டாம் உலகப்போர் தலைகீழாக்கியது. 1939-40இல் லண்டனும் டெல்லியும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, இந்தியாவின் சாதாரணப் பாதுகாப்புச் செலவும் இந்தியாவின் நலனுக்கான போர்ச்செலவும் டெல்லிக்கு; நாட்டுக்கு வெளியே போரிடும் படையின் கூடுதல் செலவு லண்டனுக்கு. இந்தியா கடல்தாண்டிய போருக்கு இனி இலவசமாகப் படை தராது என்ற நிலையை இருபதாண்டு அரசியல் போராட்டம் உருவாக்கியிருந்தது. அப்போது இது சிறிய சலுகையாகத் தெரிந்தது. பிறகு இந்திய ராணுவம் 25 லட்சம் பேராக வளர்ந்தது.

பிரிட்டன் தன் பங்கை உடனடியாகப் பொருளாகவோ தங்கமாகவோ தரவில்லை. லண்டனில் இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கில் பவுண்டாக வரவு வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. புழக்கத்தில் இருந்த நோட்டின் மதிப்பு போர் முடிவதற்குள் ஆறு மடங்கைத் தாண்டியது. துணியும் தானியமும் ராணுவத்துக்குப் போக, காகிதம் மட்டும் சந்தையில் பெருகியது. பர்மா அரிசி நின்றது, ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று கிழக்கு வங்காளத்தில் படகுகளைப் பறித்தது, இந்த விலையேற்றம் எல்லாம் சேர்ந்து 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றன. லண்டன் கணக்கில் ஏறிய ஒவ்வொரு பவுண்டின் பின்னாலும் இங்கே யாரோ உண்ணாத சோறும் உடுத்தாத துணியும் இருக்கிறது. ஸ்டெர்லிங் இருப்பு எனப்படும் இந்தப் பவுண்டு வரவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

போருக்கு முன் இந்தியா பிரிட்டனுக்குச் சுமார் 35 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. போர் முடிந்தபோது அது ஏறக்குறைய அடைபட்டு, பிரிட்டன்தான் இந்தியாவுக்குச் சுமார் 130 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல், தரவேண்டியிருந்தது. இந்தியாவைக் காப்பாற்றியதற்கு எதிர்க்கணக்கு எழுதிக் கழித்துவிடலாம் என்றார் சர்ச்சில். அது நடக்கவில்லை. கடன்கொடுத்தவரை அடக்கி ஆள்வது கடினம்; அதற்கான சிப்பாய்களும் அவருடைய ஆட்கள் என்றால் இன்னும் கடினம்.

அந்தச் சிப்பாய்கள் விஷயம் 1945 நவம்பருக்கும் 1946 பிப்ரவரிக்கும் இடையில் தெளிவாகிவிட்டது. செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீதும் வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை தீர்ப்பான பிறகும் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்துசெய்ய வேண்டியிருந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் கடற்படைத் தளத்தில் மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசையையும் எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. சென்னைத் தளமும் சேர்ந்துகொண்டது. ஆட்சி மாற்றம் பற்றிப் பேச லண்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு இந்தக் கலகத்தால் வந்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது சரியல்ல, தூதுக்குழு அனுப்பும் முடிவு ஜனவரியிலேயே எடுக்கப்பட்டது, அறிவிப்புதான் 19ஆம் தேதி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு பலத்தால் இந்தியாவை வைத்திருக்கலாம் என்று சொல்ல லண்டனில் அதிகம் பேர் இல்லை. இந்தியாவை நிர்வகித்த உயர் அதிகாரிகளின் பணியான ஐ.சி.எஸ்.ஸில் ஆங்கிலேயரை எடுப்பது 1943இலேயே நின்றுவிட்டது, ஆளவும் ஆளில்லை.

லண்டனின் பணப்பையும் காலி. 1945 ஆகஸ்டில் போர்க்காலத்தில் உடனடிப் பணமின்றிப் பொருள் தந்துவந்த கடன்-குத்தகை உதவியை அமெரிக்கா திடீரென நிறுத்தியது. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் வாஷிங்டன் போய்ப் பேசி 2 சதவீத வட்டியில் 375 கோடி டாலர் வாங்கிவந்தார். அந்தக் கடனின் கடைசித் தவணை கட்டப்பட்டது 2006 டிசம்பரில். கூடவே ஒரு நிபந்தனை: ஓராண்டுக்குள் பவுண்டை விரும்பியவர் டாலராக மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

1947 பிப்ரவரியைத் தனியாகப் பாருங்கள். கடுங்குளிர், நிலக்கரித் தட்டுப்பாடு. 7ஆம் தேதி தொழிற்சாலைகளுக்கு மின்வெட்டு அறிவித்தார்கள். 14ஆம் தேதி பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் தள்ளிவிட அமைச்சரவை முடிவெடுத்தது. 20ஆம் தேதி, 1948 ஜூனுக்குள் இந்தியாவைவிட்டுப் போவோம் என்று பிரதமர் அட்லி அறிவித்தார். 21ஆம் தேதி, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று வாஷிங்டனுக்குச் சொன்னார்கள். இந்த மூன்று முடிவுகளும் எட்டு நாட்களுக்குள். ஜூலை 15இல் பவுண்டு மாற்றத்தைத் திறந்தார்கள், டாலர் கொட்டிப்போனது, ஆகஸ்ட் 20இல் மூடினார்கள். இந்திய விடுதலை இந்த ஐந்து வாரத்தின் உள்ளே வருகிறது. போகும்போதும் கணக்கு தீர்க்கப்பட்டது: 1948 ஒப்பந்தப்படி, விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுண்டும், ஆங்கிலேய அதிகாரிகளின் வருங்காலப் பென்ஷனுக்காகச் சுமார் 16.8 கோடி பவுண்டும் இந்தியாவின் ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து கழிந்தன.

இந்தியா போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. 1947க்குப் பின் பத்தாண்டுகள் மற்ற காலனிகளை முன்பைவிட இறுக்கிப் பிடித்தார்கள். காரணம் டாலர் பஞ்சம். மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்காவில் விற்று டாலர் கொண்டுவந்தன. அந்த டாலர் லண்டனின் பொதுக் கையிருப்பில் சேர்ந்தது, மலாயாவுக்குப் பவுண்டு வரவு எழுதினார்கள். தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலை வந்ததும் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் நிறுத்தவில்லை. கானாவில், அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், கொக்கோ வாரியம் விவசாயிக்கு உலகச் சந்தை விலையைவிடக் குறைவாகக் கொடுத்து, மிச்சத்தை லண்டனில் பவுண்டாக வைத்தது. கவுன்சில் பில்லின் தம்பி என்றே இதைச் சொல்லலாம்.

அந்தக் காலத்தின் பேராசையையும் அறியாமையையும் காட்ட டாங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) நிலக்கடலைத் திட்டம் ஒன்று போதும். சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் கடலை போடத் திட்டமிட்டார்கள். முதலாண்டு இலக்கு 1,50,000 ஏக்கர். கொங்வா என்ற இடத்தில் தொடங்கினார்கள். போரில் மிஞ்சிய பழைய டிராக்டர்கள் சீக்கிரமே பழுதாயின. புதரின் வேர்கள் கலப்பையை முறித்தன. களிமண்ணோடு கலந்த குவார்ட்ஸ் மணல் இரும்பைத் தேய்த்தது. கடலை மண்ணுக்குள் காய்ப்பது. அறுவடை நேரத்தில் மழை நின்று மண் செங்கல்லாக இறுகியதும் பிடுங்க முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏன் அங்கே பயிரிடவில்லை என்று முதலில் கேட்டிருக்கலாம். 1951இல் சுமார் 3.6 கோடி பவுண்டை நட்டமென்று எழுதி மூடினார்கள்.

பிரிட்டன் தன் சக்தியைத் தப்புக்கணக்குப் போட்டது உலகுக்கே தெரிந்தது 1956இல், சூயஸில். ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். பங்குதாரர்களுக்குப் பாரிஸ் சந்தை விலையில் இழப்பீடு தருவதாகவும் சொன்னார். செப்டம்பர் நடுவில் வெளிநாட்டு வழிகாட்டி மாலுமிகளைக் கம்பெனி விலக்கிக்கொண்டது, எகிப்தியர்களால் கப்பல்களைச் செலுத்த முடியாது என்ற நம்பிக்கையில். கப்பல்கள் நிற்காமல் போயின. அக்டோபர் 22-24இல் பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டன: இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சமாதானம் செய்வதுபோல இறங்குவார்கள்.

படை வேலையிலேயே கோளாறு. அருகிலிருந்த சைப்ரஸில் பெரிய கப்பல்களுக்கு ஆழத் துறைமுகம் இல்லை. தரையிறங்கும் படை மால்டாவிலிருந்து ஏறக்குறைய ஆறு நாள் கடலில் வரவேண்டியிருந்தது. அதற்குள் உலகமே எதிர்த்தது. அக்டோபர் 31இல் குண்டுவீச்சு, நவம்பர் 5இல் போர்ட் சையதில் பாராசூட் படை, 6இல் கப்பற்படை, அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். காப்பாற்றப் போன கால்வாயைக் கப்பல்களை மூழ்கடித்து எகிப்து அடைத்துவிட்டது. சிரியாவில் எண்ணெய்க் குழாயின் பம்பு நிலையங்கள் தகர்க்கப்பட்டன.

நிறுத்தியது பணம். பிரிட்டனின் கையிருப்பு செப்டம்பரில் 5.7 கோடி டாலரும், அக்டோபரில் 8.4 கோடியும், நவம்பரில் 27.9 கோடியும் குறைந்தது. பவுண்டை 2.80 டாலரில் நிறுத்த வேண்டும். கையிருப்பு 200 கோடி டாலருக்குக் கீழே போனால், கையிருப்பைப் பவுண்டாக லண்டனில் வைத்திருந்த ஸ்டெர்லிங் நாடுகள் தங்கள் பணத்தை எடுக்கத் தொடங்கும் என்ற பயம். சர்வதேச நாணய நிதியத்தில் கடன் வாங்கலாம், ஆனால் அமெரிக்கா சம்மதிக்க வேண்டும். படை வெளியேறும்வரை முடியாது என்றது அமெரிக்கா. பிரான்ஸ் அக்டோபரிலேயே நிதியத்தில் கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போருக்கு வந்தது. பிரிட்டன் அதைச் செய்யாததற்கு நிதியமைச்சர் மேக்மில்லனே பொறுப்பு. ஒரே வாரத்தில் 10 கோடி பவுண்டு போய்விட்டதென்று அமைச்சரவையைப் பயமுறுத்தியவரும் அவரே. உண்மையில் போனது சுமார் 3 கோடி. டிசம்பர் 3இல் வெளியேறுவதாக அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் 130 கோடி டாலருக்கு நிதியம் சம்மதித்தது. ஜனவரியில் பிரதமர் ஈடன் விலக, மேக்மில்லன் பிரதமரானார்.

பதவியேற்ற அதே மாதம் அவர் கேட்டது: ஒவ்வொரு காலனிக்கும் லாப நட்டக் கணக்கு தாருங்கள். வைத்திருந்தாலும் விட்டாலும் பொருளாதாரத்தில் பெரிய வித்தியாசமில்லை என்பதே அதிகாரிகளின் பதிலின் சாரம். இரண்டு நூற்றாண்டு லாபம் அங்கே நின்றுவிட்டது. அதே 1957இல் கட்டாய ராணுவச் சேவையை முடிக்கத் தீர்மானித்தார்கள். கானா மார்ச்சிலும் மலாயா ஆகஸ்டிலும் விடுதலை பெற்றன.

இதை வைத்து, பிரிட்டன் நிதானமாக, பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்வோர் கென்யாவைப் பார்க்க வேண்டும். ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியை அடக்க 1952இல் தொடங்கிய அவசரநிலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலைசெய்ய மறுத்த கைதிகளில் 11 பேரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். குடித்த தண்ணீரால் செத்தார்கள் என்று முதலில் அறிக்கை விட்டார்கள். போகும்போது கோப்புகளை எரிக்கவும், எரிக்க முடியாதவற்றைப் பெட்டியில் எடைகட்டிக் கரையிலிருந்து தொலைவில் ஆழ்கடலில் போடவும் காலனிகளுக்கு உத்தரவு போனது. மலாயாவிலிருந்து ஐந்து லாரிக் கோப்புகள் சிங்கப்பூர் கடற்படை எரியுலைக்குப் போயின. தப்பியதில் 37 காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் லண்டனுக்கு வடக்கே ஹான்ஸ்லோப் பார்க்கில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அவசரநிலையில் பட்ட கொடுமைக்காகக் கென்ய முதியவர்கள் போட்ட வழக்கால் 2011இல்தான் வெளியே வந்தன. 2013இல் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு கொடுத்துத் தீர்த்தார்கள்.

மிச்சத்தையும் பவுண்டே முடித்தது. 1967 நவம்பர் 18இல் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கினார்கள், அதே மாதம் அரேபியத் தென்முனைத் துறைமுகமான ஏடனைவிட்டு வெளியேறினார்கள். 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் வில்சன், 1971 முடிவதற்குள் மலேசியா, சிங்கப்பூர், பாரசீக வளைகுடா மூன்றிலிருந்தும் படைகள் திரும்பும் என்று அறிவித்தார். வளைகுடாப் படைக்கு ஆண்டுக்கு ஆகும் அந்நியச் செலாவணி சுமார் 1.2 கோடி பவுண்டுதான். அதை நாங்களே தருகிறோம், இருங்கள் என்று அபுதாபி ஷேக் சாயித் முன்வந்தார். பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி மறுத்தார். பிரிட்டிஷ் இளைஞர்களை ஷேக்குகளுக்குக் கூலிப்படையாக அனுப்ப முடியாது என்ற பொருளில் தொலைக்காட்சியிலேயே பேசினார். நூறு ஆண்டுகள் இந்தியச் சிப்பாய்களை அனுப்பியபோது அந்தக் கேள்வி எழவில்லை. இப்போது போக வேண்டியவர்கள் வாக்குரிமையுள்ள பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகள். பஹ்ரைனும் கத்தாரும் 1971 ஆகஸ்ட், செப்டம்பரில் தனிநாடுகளாயின. ஐக்கிய அரபு அமீரகம் டிசம்பர் 2 அன்று.